ஒய்யா, எம்மா? கர்னல் கம்பைல் செய்யும்போது டிரைவரை எங்கே வைப்பது

லினக்ஸ் கர்னலை (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) சொந்தமாகக் கம்பைல் செய்யக் கிளம்புகிறவர்கள் முதலில் திணறுவது, எதையெல்லாம் சேர்ப்பது என்று கேட்கும் மெனுகான்ஃபிக் திரையில்தான். ஆயிரக்கணக்கான வரிகள். டிரைவர் வரிகளில் பெரும்பாலானவற்றுக்கு மூன்று விடைகள்: ஒய், எம், என். ஒய் கொடுத்தால் அந்த டிரைவர் கர்னல் கோப்புக்குள்ளேயே சேர்ந்துவிடும். கர்னல் மெமரிக்கு வரும்போதே அதுவும் வந்துவிடும். எம் கொடுத்தால் தனிக் கோப்பாக டிஸ்கில் கிடக்கும். தேவைப்படும்போது கர்னல் எடுத்து ஏற்றிக்கொள்ளும். இதைத்தான் மாட்யூல் என்கிறோம். என் கொடுத்தால் கம்பைலே ஆகாது.

எதற்கு ஒய், எதற்கு எம் என்பதற்கு "ஒய் வேகம், எம் மெதுவு" என்று ஒரு பதில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதை நம்ப வேண்டாம். ஏற்றி முடித்த பிறகு இரண்டும் ஒரே கர்னலுக்குள் ஒரே உரிமையோடு ஓடும் புரோகிராம் கோடுதான். வேக வித்தியாசம் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. கேட்க வேண்டிய கேள்வி வேறு: மாட்யூல் கோப்புகள் இருக்கும் டிஸ்கை எட்டுவதற்கு முன்பே கர்னலுக்கு எது தேவை?

பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் பக்கம் தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு லினக்ஸ் புதிதில்லை. கேரளப் பள்ளிகளில் ஐசிடி பாடமே கேரள அரசின் கைட் நிறுவனம் தரும் உபுண்டு வழி சிஸ்டத்தில்தான் நடக்கிறது. அதனால் உபுண்டுவையே வைத்துப் பேசுவோம். மெஷினுக்கு, அந்தப் பக்கத்துப் பால் சொசைட்டியில் இருக்கக்கூடிய ஒரு பழைய டெஸ்க்டாப்பை எடுத்துக்கொள்வோம்: 4 ஜிபி ராம், சாட்டா எஸ்எஸ்டி, யூஎஸ்பி கன்வர்ட்டர் வழியாக வரும் எடைத் தராசின் சீரியல் கேபிள், கொழுப்பு பார்க்கும் மெஷினுக்கு அதேபோல் இன்னொரு கேபிள், ரசீது பிரிண்டர், இன்டர்நெட்டுக்கு யூஎஸ்பியில் இணைத்த ஒரு போன். விடியற்காலையில் கேனோடு ஆட்கள் வரிசையில் நிற்கும்போது இது பூட் ஆகாமல் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டிக்குள் சாவி

மெஷினை ஆன் செய்ததும் கிரப் என்ற பூட்லோடர் கர்னல் கோப்பை மெமரியில் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அடுத்து கர்னலுக்கு ரூட் பார்ட்டிஷன் (சிஸ்டம் கோப்புகள் இருக்கும் டிஸ்க் பகுதி) வேண்டும். அதைத் திறக்க இரண்டு டிரைவர்கள் தேவை. ஒன்று டிஸ்க் கன்ட்ரோலருக்கு. சாட்டா என்றால் ஏஹெச்சிஐ, புதிய மெஷின் என்றால் என்விஎம்இ. இரண்டாவது ஃபைல் சிஸ்டத்துக்கு, பெரும்பாலும் எக்ஸ்ட்4. இரண்டையும் எம் என்று வைத்தால் அந்தக் கோப்புகள் எங்கே இருக்கும்? அதே ரூட் பார்ட்டிஷனில், லிப் அடைவுக்குள் மாட்யூல்ஸ் என்ற உள் அடைவில். பெட்டியைத் திறக்கும் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதைதான். கர்னல் பேனிக் ஆகி, அதாவது மேலே தொடர முடியாமல், நிற்கும். ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய (திறந்து இணைக்க) முடியவில்லை என்ற செய்தி, கூடவே 'அன்னோன் பிளாக்' என்று அடைப்புக்குறிக்குள் இரண்டு எண்கள்.

பலரும் பேனிக் என்ற சொல்லைப் பார்த்ததுமே பவர் பட்டனுக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டு எண்களைப் படியுங்கள். 0,0 என்று இருந்தால், ரூட் என்று நீங்கள் கொடுத்த பெயரில் எந்த டிஸ்கையும் கர்னல் காணவே இல்லை. கன்ட்ரோலர் டிரைவர் விட்டுப்போயிருக்கும், அல்லது பெயர் தப்பு. 8,2 என்பதுபோல் வேறு எண் இருந்தால் டிஸ்க் தெரிந்துவிட்டது (8 என்பது சாட்டா, யூஎஸ்பி வகை டிஸ்குகளின் எண், 2 என்பது இரண்டாம் பார்ட்டிஷன்), ஃபைல் சிஸ்டம்தான் புரியவில்லை. எக்ஸ்ட்4 எம்மாகவோ என்னாகவோ இருக்கும். செய்திக்குச் சற்று மேலே கர்னல் தனக்குத் தெரிந்த பார்ட்டிஷன்களைப் பட்டியல் போட்டிருக்கும். அந்தப் பட்டியல் காலியாக இருந்தால் கன்ட்ரோலர் பக்கம் போங்கள். டிஸ்க் பெயர் அதில் இருந்தால் ஃபைல் சிஸ்டம் பக்கம்.

அப்படியானால் உபுண்டு எப்படிப் பூட் ஆகிறது? அதன் கர்னலில் எக்ஸ்ட்4 ஒய்தான். ஆனால் ஏஹெச்சிஐயும் என்விஎம்இயும் எம். டெபியனில் எக்ஸ்ட்4 கூட எம். இதைச் சாத்தியமாக்குவது இனிட்ராம்எஃப்எஸ்: தேவையான மாட்யூல்களையும் சில சிறு புரோகிராம்களையும் சுருக்கிக் கட்டிய ஒரே கோப்பு. கர்னலோடு சேர்த்து அதையும் கிரப்பே மெமரியில் வைத்துவிடும். பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ உதவியோடு டிஸ்கைப் படிக்க கிரப்புக்குத் தெரியும். கர்னல் டிரைவர் தேவையில்லை. கர்னல் அந்தக் கட்டை மெமரியில் பிரித்து, ஏஹெச்சிஐ மாட்யூலை அங்கிருந்து எடுத்து ஏற்றி, பிறகு உண்மையான ரூட்டுக்குப் போகும்.

ஆக உங்கள் முன்னால் இரண்டு வழி. இனிட்ராம்எஃப்எஸ் இருந்தால் எல்லாவற்றையும் எம் என்று விட்டாலும் மெஷின் எழும்பும். இனிட்ராம்எஃப்எஸ் வேண்டாம் என்றால் ரூட் வரைக்குமான சங்கிலி முழுவதும் ஒய்யாக இருக்க வேண்டும். நம் சொசைட்டி மெஷினுக்கு அந்தச் சங்கிலி: பிசிஐ, ஸ்கஸி, ஸ்கஸி டிஸ்க், ஏடிஏ, ஏஹெச்சிஐ, பார்ட்டிஷன் டேபிள் வகை, எக்ஸ்ட்4, டெவ்டெம்ப்எஃப்எஸ் (டெவ் அடைவில் சாதனக் கோப்புகளை உருவாக்குவது). சாட்டா டிஸ்குக்கு ஸ்கஸி எதற்கு என்று தோன்றும். லினக்ஸில் சாட்டா டிஸ்குகள் ஸ்கஸி அடுக்கு வழியாகத்தான் தெரியும். 'ஸ்கஸி டிஸ்க் சப்போர்ட்' என்ற வரியை மறந்துவிட்டு, ஏஹெச்சிஐயைச் சரியாக வைத்தும் 0,0 பேனிக் வாங்குவது நிறைய நடக்கிறது.

இனிட்ராம்எஃப்எஸ் இல்லாதபோது இன்னொரு கண்ணி. கிரப் கர்னலுக்குக் கொடுக்கும் வரியில் ரூட்டை யூயூஐடி (ஃபைல் சிஸ்டத்தின் தனி அடையாள எண்) போட்டுக் கொடுத்திருப்போம். ஃபைல் சிஸ்டத்தின் யூயூஐடியைத் தேடிக் கண்டுபிடிப்பது இனிட்ராம்எஃப்எஸ்ஸுக்குள் இருக்கும் புரோகிராம்களின் வேலை. வெறும் கர்னலுக்கு அது தெரியாது. கர்னலுக்குத் தானாகப் புரிவது பார்ட்யூயூஐடி, அதாவது பார்ட்டிஷன் டேபிளில் இருக்கும் அடையாள எண். 'பிளாக்ஐடி' கட்டளை இரண்டையும் காட்டும், பார்த்து மாற்றுங்கள். ரூட் யூஎஸ்பி டிஸ்கிலோ எஸ்டி கார்டிலோ இருந்தால் 'ரூட்வெயிட்' என்ற சொல்லையும் அந்த வரியில் சேர்க்க வேண்டும். அவை கண்ணுக்குத் தெரியச் சில நொடிகள் ஆகும். கர்னல் அதுவரை பொறுக்காது.

மெனுவைப் படிப்பது

கோண அடைப்புக்குள் இருக்கும் வரிகள்தான் மூன்று விடையையும் ஏற்கும். நட்சத்திரம் ஒய், எம் எழுத்து எம், காலி என். சதுர அடைப்பு என்றால் ஒய் அல்லது என் மட்டுமே; அதை மாட்யூல் ஆக்க வழி கிடையாது. நெளிவு அடைப்பு என்றால் வேறு ஏதோ ஒன்று அதைக் கட்டாயமாக இழுத்துவைத்திருக்கிறது. உங்களால் குறைக்க முடியாது. சாய்கோட்டுக் கீயைத் தட்டினால் தேடலாம்.

ஏஹெச்சிஐக்கு ஒய் தட்டித் தட்டிப் பார்த்தாலும் எம்மிலேயே நிற்கிறதா? அதற்கு மேலே இருக்கும் ஏடிஏ எம்மாக இருக்கும். மேலே இருப்பது மாட்யூலாக இருக்கும்போது அதை நம்பியிருப்பது கர்னலுக்குள் போக முடியாது. முதலில் ஏடிஏவை ஒய் ஆக்குங்கள், பிறகு கீழே வாருங்கள். கான்ஃபிக் கோப்பை எடிட்டரில் திறந்து கையால் ஒய் என்று எழுதிவிட்டால் இன்னும் மோசம்: கம்பைலை நடத்தும் மேக் கட்டளை அடுத்த முறை அதைச் சத்தமில்லாமல் எம்முக்கே திருப்பிவிடும், பூட் செய்து பார்க்கும்வரை உங்களுக்குத் தெரியாது. மெனுகான்ஃபிக் வழியாகவே மாற்றுவது நல்லது. முடித்ததும் கான்ஃபிக் கோப்பில் க்ரெப் (தேடும் கட்டளை) போட்டுச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் ஒய்தானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

லோக்கல்மாட்கான்ஃபிக்: கேபிளைச் செருகிவிட்டு ஓட்டுங்கள்

உபுண்டுவின் கான்ஃபிக் உலகத்தில் உள்ள எல்லா மெஷினுக்கும் சேர்த்து எழுதியது. அதை அப்படியே கம்பைல் செய்தால் பழைய டெஸ்க்டாப்பில் மணிக்கணக்கில் ஓடும். டீபக் தகவலும் (பிழை தேட உதவும் கூடுதல் தகவல்) சேர்ந்தால் 20 ஜிபிக்கு மேல் இடம் கேட்கும். அதனால்தான் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்'. அந்த நொடியில் எந்தெந்த மாட்யூல்கள் ஏறியிருக்கின்றன என்று எல்எஸ்மாட் பட்டியலைப் பார்த்து, அதில் இல்லாத மாட்யூல்களையெல்லாம் என் ஆக்கிவிடும். ஆயிரக்கணக்கில் இருந்தது நூறு, நூற்றைம்பது என்று சுருங்கும்.

"அந்த நொடியில்" என்பதைக் கவனியுங்கள். தராசு கேபிள் கழற்றியிருந்தால் கன்வர்ட்டரின் டிரைவர் ஏறியிருக்காது. புது கர்னலில் அது இருக்கவே இருக்காது. கன்வர்ட்டருக்குள் இருக்கும் சிப்பைப் பொறுத்து சிஹெச்341, பிஎல்2303, எஃப்டிடிஐ, சிபி210எக்ஸ் என்று டிரைவர் மாறும். வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே நீலக் கேபிள். ஒரு கேபிள் பழுதாகி இன்னொன்று வாங்கினால் அதற்குள் வேறு சிப் இருக்கலாம். ஆகவே இந்த நான்கையும் எல்எஸ்மாட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எம் என்று வைத்துவிடுங்கள். டிஸ்கில் கொஞ்சம் இடம்தான் கூடும்.

கட்டளையை ஓட்டுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை இணைத்து இயக்குங்கள்: பிரிண்டர், பென் டிரைவ், ஹெட்ஃபோன், போனின் யூஎஸ்பி டெதரிங். டெதரிங் எளிதில் விட்டுப்போகும். ஆர்என்டிஐஎஸ் ஹோஸ்ட், சிடிசி ஈதர் என்ற மாட்யூல்கள் இல்லாமல் புது கர்னலுக்குள் போனால் இன்டர்நெட்டும் இல்லை, விட்டுப்போனதைத் தேடிப் பார்க்க வழியும் இல்லை.

பென் டிரைவில் ஒரு நுணுக்கம். யூஎஸ்பி ஸ்டோரேஜ், விஃபாட் (பென் டிரைவின் ஃபைல் சிஸ்டம்) இரண்டும் இருந்தும் மவுன்ட் ஆகாமல் போகலாம். விஃபாட்டுக்குக் கோட்பேஜ் 437, ஐஎஸ்ஓ 8859-1 என்ற இரண்டு எழுத்துக் குறியீட்டு அட்டவணைகளும் வேண்டும். அவை மெனுவில் தனி வரிகள். இல்லையென்றால் மவுன்ட் கட்டளை பொதுவாக ஏதோ தப்பு என்று மட்டும் சொல்லும். உண்மைக் காரணம் டிமெசேஜில் (கர்னல் செய்திகளைக் காட்டும் கட்டளை) இருக்கும். இஎஃப்ஐ பார்ட்டிஷனும் விஃபாட் என்பதால் பூட் ஆகும்போதே இது இடறும்.

மொத்த வரிசை இப்படி: பூட் அடைவில் இருக்கும் இப்போதைய கர்னலின் கான்ஃபிக் கோப்பை சோர்ஸ் அடைவுக்குள் 'புள்ளி கான்ஃபிக்' என்ற பெயரில் காப்பி செய்யுங்கள். 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்', பிறகு லோக்கல்மாட்கான்ஃபிக், பிறகு மெனுகான்ஃபிக்கில் கைத்திருத்தம். அங்கேயே லோக்கல் வெர்ஷன் என்ற இடத்தில் ஒரு சின்னப் பின்னொட்டு கொடுங்கள். ஏன் என்பது கீழே வரும். பிறகு 'மேக்', ஜே எழுத்தோடு சிபியு கோர் எண்ணிக்கை. உபுண்டு கான்ஃபிக்கிலிருந்து தொடங்கியவர்களுக்கு இங்கே கனானிக்கல் (உபுண்டுவை வெளியிடும் நிறுவனம்) சான்றிதழ் கோப்பு இல்லை என்று கம்பைல் நிற்கும். 'சிஸ்டம் டிரஸ்டட் கீஸ்', 'சிஸ்டம் ரிவொகேஷன் கீஸ்' இரண்டு வரிகளையும் காலியாக்கினால் தாண்டிவிடும். அடுத்து 'மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால்', கடைசியாக 'மேக் இன்ஸ்டால்'. மாட்யூல்ஸ் இன்ஸ்டாலோடு இன்ஸ்டால் மாட் ஸ்டிரிப் என்பதை 1 என்று சேர்த்துக் கொடுத்தால் டீபக் தகவல் உதிர்ந்துவிடும். அதைக் கொடுக்காமல் விட்டால் இனிட்ராம்எஃப்எஸ் வீங்கி, தனிப் பார்ட்டிஷனில் பூட் அடைவை வைத்திருப்பவர்களுக்கு இடம் தீர்ந்துபோகும். உபுண்டுவில் மேக் இன்ஸ்டாலே இனிட்ராம்எஃப்எஸ் கட்டுவதையும் கிரப் மெனுவைப் புதுப்பிப்பதையும் பார்த்துக்கொள்ளும். பழைய கர்னலை அழிக்காதீர்கள். புதியது நின்றால் கிரப்பின் அட்வான்ஸ்டு பட்டியலிலிருந்து பழையதற்குப் போகலாம்.

ஒய் போட்டால் கெட்டுப்போகும் இடங்கள்

"எல்லாவற்றையும் ஒய் ஆக்கிவிட்டால் தலைவலி இல்லையே" என்று தோன்றலாம். லோக்கல்எஸ்கான்ஃபிக் என்று அதற்கென ஒரு கட்டளையே இருக்கிறது. ஆனால் வைஃபையிலேயே முதல் அடி விழும்.

இன்டெல் வைஃபை சிப்புக்கு டிரைவர் மட்டும் போதாது; சிப்புக்குள் ஏற்ற ஒரு ஃபர்ம்வேர் கோப்பும் வேண்டும். அது லிப் அடைவில் ஃபர்ம்வேர் என்ற இடத்தில் இருக்கிறது. டிரைவர் ஒய்யாக இருந்தால் ரூட் மவுன்ட் ஆவதற்கு முன்பே எழுந்து ஃபர்ம்வேரைக் கேட்கும். டிஸ்க் இன்னும் திறக்கவில்லை, கோப்பு கிடைக்காது. டிமெசேஜில் ஃபர்ம்வேர் லோடு தோல்வி, எரர் -2 என்று வரும்; -2 என்றால் அப்படி ஒரு கோப்பு இல்லை. நீங்கள் போய்ப் பார்த்தால் கோப்பு அங்கேயே இருக்கும், குழம்புவீர்கள். டிரைவரை எம் ஆக்கினால் ரூட் வந்தபின் ஏறும், பிரச்சினை தீர்ந்தது. ஒய்தான் வேண்டும் என்றால் எக்ஸ்ட்ரா ஃபர்ம்வேர் என்ற வரியில் கோப்பின் பெயரைக் கொடுத்து அதையும் கர்னலுக்குள் கட்ட வேண்டும். கிராஃபிக்ஸ் கார்டுகளிலும் இதே கதை; ஏஎம்டி கார்டில் திரையே வராமல் போகலாம். பூட் செய்திகள் ஆரம்பத்திலிருந்து திரையில் தெரிய வேண்டும் என்பதற்காகக் கிராஃபிக்ஸ் டிரைவரை ஒய் ஆக்க வேண்டியதில்லை. சிம்பிள்டிஆர்எம் என்ற எளிய திரை டிரைவரை ஒய் ஆக்கினால் போதும், அதற்கு ஃபர்ம்வேர் தேவையில்லை.

அடுத்தது செட்டிங். மாட்யூலுக்கான ஆப்ஷன்களை மாட்ப்ரோப்.டி அடைவில் எழுதுகிறோம். மாட்யூலை ஏற்றும் மாட்ப்ரோப் புரோகிராம்தான் அதைப் படிக்கிறது. ஒய்யான டிரைவரை யாரும் ஏற்றுவதில்லை, அதனால் யாரும் படிப்பதுமில்லை. யூஎஸ்பி சாதனம் சும்மா இருக்கும்போது தூங்கிவிடாமல் இருக்க யூஎஸ்பிகோர் ஆட்டோசஸ்பெண்டை -1 ஆக்கச் சொல்வார்கள். உபுண்டுவில் யூஎஸ்பிகோர் ஒய். மாட்ப்ரோப்.டியில் எத்தனை முறை எழுதினாலும் எதுவும் மாறாது. கிரப்பின் கர்னல் வரியில் மாட்யூல் பெயர், புள்ளி, ஆப்ஷன் பெயர், சமக்குறி, மதிப்பு என்று ஒட்டி எழுத வேண்டும். பிளாக்லிஸ்ட்டும் இப்படியே, ஒய் டிரைவரை அந்தக் கோப்பால் தடுக்க முடியாது.

மூன்றாவது, கழற்றி மாட்டும் வசதி. தராசின் கன்வர்ட்டர் உறைந்துபோனால் ஆர்எம்மாட், பிறகு மாட்ப்ரோப். ரீபூட் இல்லாமல் டிரைவர் புதிதாகத் தொடங்கும். சீரியல் போர்ட்டை ஏதாவது புரோகிராம் பிடித்து வைத்திருந்தால் மாட்யூல் உபயோகத்தில் இருக்கிறது என்று ஆர்எம்மாட் மறுக்கும். எல்எஸ்மாட்டின் கடைசிப் பத்தியில் உள்ள எண் எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லும். ஒய் டிரைவரில் இந்த வசதி கிடையாது. டிரைவரில் ஒரு வரி திருத்தினாலும் முழுக் கர்னலையும் மறுபடி இணைத்து ரீபூட் செய்ய வேண்டும்.

எம்முக்கும் ஒரு விலை உண்டு

மாட்யூல் கோப்பும் கர்னலும் ஒரே கம்பைலில் பிறந்திருக்க வேண்டும். கான்ஃபிக்கை மாற்றி, அதே வெர்ஷன் பெயரில் மறுபடி கம்பைல் செய்து, கர்னலை மட்டும் வைத்துவிட்டு மாட்யூல்ஸ் இன்ஸ்டாலை மறந்தால், பழைய மாட்யூல்கள் புதுக் கர்னலோடு மோதும். 'இன்வாலிட் மாட்யூல் ஃபார்மட்' என்ற எரர் இதிலிருந்துதான் வருகிறது. லோக்கல் வெர்ஷனில் பின்னொட்டு கொடுக்கச் சொன்னது இதற்காக; ஒவ்வொரு முறையும் அதை மாற்றுங்கள். பெயர் மாறினால் அடைவும் மாறும், ஒன்றன்மேல் ஒன்று ஏறாது. கோப்பைக் கையால் காப்பி செய்தால் டெப்மாட் ஓட்ட மறக்காதீர்கள். எந்த மாட்யூலுக்கு எது முன்னால் வேண்டும், எந்தச் சாதனத்துக்கு எந்த மாட்யூல் என்ற அட்டவணைகளை எழுதுவது அதுதான். அவை இல்லாமல் மாட்ப்ரோப்புக்கும் கண் தெரியாது, சாதனத்தைச் செருகியதும் தானாக ஏற்றும் யூடெவ்வுக்கும் தெரியாது.

செக்யூர் பூட் (கையொப்பமிட்டவற்றை மட்டும் ஏற்கும் பாதுகாப்பு வசதி) ஆன் ஆகியிருக்கும் மெஷினில் கையொப்பம் இல்லாத மாட்யூலைக் கர்னல் நிராகரிக்கும். கீ நிராகரிக்கப்பட்டது என்ற வகைச் செய்தி வந்தால் டிரைவரைக் குறை சொல்லாமல் அங்கே பாருங்கள்.

மெமரி விஷயம் அதிகம் பேசப்படுகிறது, அவ்வளவு பெரிதில்லை. மாட்யூல்கள் 4 கேபி பக்கக் கணக்கில் இடம் பிடிப்பதால் கடைசிப் பக்கத்தில் கொஞ்சம் வீணாகும். பதிலுக்கு, இல்லாத சாதனத்தின் டிரைவர் மெமரிக்கே வராது. 4 ஜிபி ராமில் இரண்டையும் கணக்குப் பார்ப்பது நேர விரயம்.

ஒரு டிரைவர் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்க்க எல்எஸ்மாட் மட்டும் போதாது. அது ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டுமே காட்டும். அதில் ஏஹெச்சிஐ இல்லையென்றால் டிரைவரே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். லிப் அடைவின் மாட்யூல்ஸ் உள் அடைவில், கர்னல் வெர்ஷன் பெயருள்ள இடத்தில் 'மாட்யூல்ஸ்.பில்ட்இன்' என்று ஒரு கோப்பு இருக்கும்; ஒய்யாகக் கட்டியவை எல்லாம் அதில் வரிசையாக இருக்கும்.

சொசைட்டி மெஷினுக்கு எங்கள் தேர்வு: ரூட் சங்கிலி, யூஎஸ்பி கீபோர்டு, சிம்பிள்டிஆர்எம் ஆகியவை ஒய், மீதி எல்லாம் எம், இனிட்ராம்எஃப்எஸ்ஸும் இருக்கட்டும். சங்கிலி ஒய்யாக இருந்தால், இனிட்ராம்எஃப்எஸ் கோப்பு கெட்டுப்போன நாளிலும் கிரப்பில் ஈ கீயைத் தட்டி, அதை ஏற்றும் இனிட்ஆர்டி வரியை நீக்கி, ரூட்டைப் பார்ட்யூயூஐடியாக மாற்றி எஃப்10 அழுத்தினால் மெஷின் எழும்பும். அந்தப் பார்ட்யூயூஐடியை முன்கூட்டியே ஒரு தாளில் எழுதி கேபினெட்டுக்குள் ஒட்டி வையுங்கள்; தேவைப்படும் நேரத்தில் பிளாக்ஐடி ஓட்ட மெஷின் இருக்காது.